எப்பவும் சிரிக்கிற பையன், சாயங்காலத்துலேர்ந்து அழுகையை நிறுத்தவே மாட்டேங்கிறான்

அம்மு_தண்டையார்பேட்டை | வியாழன் இரவு 8:52

எல்லாருக்கும் வணக்கம். கை நடுங்குது, எழுத்து தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

என் பையனுக்கு ஏழு மாசம் முடிஞ்சு பத்து நாள் ஆகுது. எட்டு கிலோ இருக்கான். அழுது பழக்கமே இல்லாத பிள்ளை. தடுப்பூசி போட்டாக்கூட ஊசியை எடுத்த மறு நிமிஷம் நர்ஸைப் பாத்து சிரிப்பான். பசிச்சா ஒரு சிணுங்கல், தூக்கம் வந்தா ஒரு சிணுங்கல், அவ்வளவுதான். தூளில போட்டு நாலு ஆட்டு ஆட்டினா தூங்கிடுவான்.

இன்னைக்கு நாலு மணிக்குப் பாய்ல உக்காந்து கிண்ணத்தைத் தட்டி விளையாடிட்டிருந்தான். திடீர்னு யாரோ கிள்ளின மாதிரி வீறிட்டு அழுதான். ஓடிப் போய்த் தூக்கினேன். ரெண்டு காலையும் வயித்தோட மடக்கிக்கிட்டு, மூச்சு விடாம அழுகை. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிச்சு. சரி, எறும்பு கடிச்சிருக்கும்னு பாயை உதறிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. திரும்பவும் அழுகை. அப்பலேர்ந்து இப்படியேதான். பால் குடுத்தா வாயை வச்சுட்டுத் தள்ளி விடுறான். அஞ்சரை மணிக்குக் குடிச்ச பாலை அப்படியே கக்கிட்டான்.

தொப்புளைச் சுத்திப் பெருங்காயம் போட்டோம். வெத்தலையில விளக்கெண்ணெய் தடவி, வாட்டி வயித்துல ஒத்தடம் குடுத்தோம். ஆறரைக்குப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினேன். அங்க போனப்போ பாத்து என் தோள்ல நல்லாத் தூங்கிட்டான். ஜுரம் இல்ல, கேஸ்தான்னு சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து பத்து நிமிஷத்துல மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்.

போன வாரம் சளி இருந்துச்சு, சரியாயிடுச்சு. ராகிக் கஞ்சி ஒரு மாசமா குடுக்கிறேன். நேத்து முதல் தடவையா ஆப்பிள் வேக வச்சு மசிச்சுக் குடுத்தேன். அதனாலயா? வீட்டுக்காரர் மணலியில நைட் ஷிப்டு, காலைலதான் வருவார். அத்தை 'கொடல் ஏறிக்கிச்சு, விடிஞ்சதும் காசிமேட்டுல ஒரு ஆயா கிட்ட தலைகீழாப் பிடிச்சுத் தட்டிட்டு வந்துடலாம்'னு சொல்றாங்க. யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?


கடலோர_மீனா | இரவு 9:01

அம்மு, பயப்படாதம்மா. ஏழு மாசம்னா பல்லு முளைக்கிற நேரம். ஈறைத் தடவிப் பாரு, தடிச்சிருக்கும். நேத்து யாராவது வீட்டுக்கு வந்து தூக்கினாங்களா? சிரிச்ச முகமா இருக்கிற பிள்ளைக்கு சீக்கிரம் கண்ணு படும். மொளகாய், உப்பு, தெரு முனை மண்ணு எடுத்து மூணு சுத்து சுத்திப் போடு. மனசுக்கும் ஆறுதலா இருக்கும்.


விம்கோநகர்_அப்பா | இரவு 9:06

சிஸ்டர், சுத்திப் போடுறது போடுங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. பிள்ளை உடம்புல ஒரு நூல் துணி இல்லாம எல்லாத்தையும் கழட்டி, டியூப் லைட்டுக்குக் கீழ படுக்க வச்சு, ஒவ்வொரு விரலா விரிச்சுப் பாருங்க.

என் பொண்ணுக்கு மூணரை மாசத்துல நடந்தது. மதியத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும் கத்தினா. நாங்களும் கேஸ், பல்லு, கண்ணுன்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டிருந்தோம். சாக்ஸ் போட்டிருந்ததால யாரும் காலைப் பாக்கலை. ராத்திரி சாக்ஸைக் கழட்டினா, இடது காலோட மூணாவது விரல் நாவப்பழம் மாதிரி கறுத்து வீங்கியிருக்கு. என் மனைவியோட தலைமுடி ஒண்ணு விரலைச் சுத்தி இறுகி, தோலுக்குள்ள பதிஞ்சு போயிருந்தது. கண்ணுக்கே தெரியலை.

பிரசவமான மூணு நாலு மாசத்துல தாய்க்கு முடி கொத்துக் கொத்தாக் கொட்டும்னு எல்லாருக்கும் தெரியும். அந்த முடி சாக்ஸுக்குள்ள, கை உறைக்குள்ள, போர்வையில போய் மாட்டிக்கிட்டு பிள்ளையோட விரல்ல சுத்திக்கும்னு எங்களுக்கு யாரும் சொல்லல. ஆஸ்பத்திரியில பூதக்கண்ணாடி வச்சுப் பாத்து, ரொம்ப சின்னக் கத்தரியால வெட்டி எடுத்தாங்க. விரல் தப்பிச்சது. அன்னைலேர்ந்து பிள்ளைத் துணியை எல்லாம் உள்பக்கம் திருப்பி, உதறிட்டுத்தான் போடுறேன்.

ஆம்பளப் பிள்ளைன்னா கால் விரல், கை விரலோட குஞ்சு மணியையும் பாக்கணும். அங்கயும் சுத்திக்கும்.


அம்மு_தண்டையார்பேட்டை | இரவு 9:19

அண்ணா, படிச்சவுடனே எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன். பத்து விரலும் பத்து விரலும் சரியா இருக்கு. குஞ்சு மணியிலயும் ஒண்ணும் இல்ல. அரைஞாண் கயிறையும் வசம்பு வளையலையும் கூட அவுத்துட்டேன். ஈறைத் தடவினேன் மீனாக்கா, தடிப்பு இல்ல. அத்தை சுத்திப் போட்டுட்டாங்க.


பெரம்பூர்_சுபா | இரவு 9:23

காதைப் பாருங்க. சளி வந்து போன ஒரு வாரத்துல காது வலி வர்றது சகஜம். என் ரெண்டாவது பையன் ராத்திரி படுக்க வச்சாலே கத்துவான், தூக்கினா அடங்குவான். காதுக்குள்ள சீழ் கட்டியிருந்தது. காதைத் தொட்டாத் தட்டி விடுறானா, படுக்க வச்சா கூடுதலா அழுறானான்னு கவனிங்க. தயவுசெஞ்சு காதுக்குள்ள எண்ணெய் காய்ச்சி ஊத்திடாதீங்க. மூக்குலயும் விடாதீங்க, எண்ணெய் நுரையீரலுக்குப் போயிடும்.


வியாசர்பாடி_ஆட்டோ_ரவி | இரவு 9:27

எங்க வீட்ல மூணு பிள்ளைங்களும், உங்க பையன் வளையல்ல இருக்கிற அதே பேர் சொல்லாததைச் சுட்டு, தாய்ப்பால்ல உரசிக் குடுத்துத்தான் வளந்துச்சுங்க. ஒரு பாலாடை உள்ள போனா போதும், வயித்து வலி பறந்துடும். இல்லன்னா ஓமத் தண்ணி. எதுக்கெடுத்தாலும் ஆஸ்பத்திரின்னு போனா ஆயிரம் ரெண்டாயிரம் ஆகும். முதல்ல வீட்டு வைத்தியம் பாருங்க தங்கச்சி.


ராயபுரம்_சிஸ்டர் | இரவு 9:34

அம்மு, நான் குழந்தைகள் வார்டுல இருபத்திரெண்டு வருஷம் வேலை பாத்த நர்ஸ். இப்பதான் இதைப் பாத்தேன். நான் மறுபடி சொல்ற வரைக்கும் அவனுக்கு வாயில எதையும் குடுக்காதம்மா. ரவி தம்பி, உங்க மனசு எனக்குப் புரியுது. ராத்திரியில அந்தப் பேரைச் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மாவும் சொல்வாங்க, நானும் அதை உரசிக் குடிச்சு வளந்தவதான். ஆனா என்னன்னு தெரியாம வலிக்கிற வயித்துக்குள்ள எதையும் ஊத்தக் கூடாது. ஓமத் தண்ணியும் வேண்டாம்.

கேஸ்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்க. பச்சைக் குழந்தைங்க சாயங்காலம் ஆனா காரணமே இல்லாம மணிக்கணக்கா அழுமே, அந்த அழுகை பிறந்து ரெண்டு மூணு வாரத்துல ஆரம்பிச்சு, ஆறாவது வாரத்துல உச்சத்துக்குப் போய், மூணு நாலு மாசத்துல நின்னுடும். அதுவரைக்கும் அழாத பிள்ளைக்கு ஏழாவது மாசத்துல புதுசா வராது. பல்லு முளைச்சா எச்சில் வழியும், கையைக் கடிக்கும், சிடுசிடுன்னு இருக்கும். இப்படி வீறிட்டு அழாது. பல்லு மேல பழியைப் போட்டுட்டு நிஜமான காரணத்தைக் கோட்டை விட்ட வீடுகளை நான் நிறையப் பாத்திருக்கேன்.

விம்கோ நகர் தம்பி சொன்ன மாதிரி அவிழ்த்துப் பாத்தது ரொம்ப நல்லது. இன்னும் கொஞ்சம் பாரு. உச்சிக்குழி மேல எழும்பியிருக்கா, பள்ளமா இருக்கா? ஒரு கண்ணை மட்டும் மூடிக்கிட்டுத் தண்ணி வடியுதா? நகம் பட்டுக் கீறியிருந்தா அப்படி இருக்கும். ரெண்டு கையையும் ரெண்டு காலையும் ஒரே மாதிரி ஆட்டுறானா? தொடை இடுக்குல புடைப்பு ஏதாவது இருக்கா? விதைப்பை வீங்கியோ நிறம் மாறியோ இருக்கா?

இதைவிட முக்கியமானது ஒண்ணு. ஒரு பேப்பர் எடுத்துக்க. அழுகை எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது, எத்தனை மணிக்கு நிக்குதுன்னு கடிகாரத்தைப் பாத்து எழுது. நடுவுல எப்படி இருக்கான்னும் எழுது.


அம்மு_தண்டையார்பேட்டை | இரவு 10:14

சிஸ்டர், எழுதினேன்.

9:38 ஆரம்பம், 9:42 நின்னுடுச்சு.
9:55 ஆரம்பம், 9:59.
10:07 ஆரம்பம், இப்பதான் அடங்கினான்.

அழும்போது காலை வயித்தோட மடக்கிக்கிறான், முகம் வெளுத்துப் போகுது, வேர்க்குது. நின்னதும் துணி மாதிரித் துவண்டு என் மேல சாஞ்சுடுறான். விளையாட்டு காட்டினாப் பாக்க மாட்டேங்கிறான். சாவியை ஆட்டினா எப்பவும் பிடுங்குவான், இப்ப அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. தூங்கிட்டான், சரியாகுதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைச்சேன்.

உச்சிக்குழி, கண்ணு, கை கால் எல்லாம் சரியாத்தான் தெரியுது. புடைப்பு இல்ல. காதைத் தொட்டா ஒண்ணும் பண்ணல. பத்து மணிக்கு இன்னொரு தடவை வாந்தி எடுத்தான். பால் இல்ல, மஞ்சளும் பச்சையுமா இருந்துச்சு. சாயங்காலத்துலேர்ந்து மலம் போகல.


ராயபுரம்_சிஸ்டர் | இரவு 10:17

அம்மு, இப்பவே கிளம்பு. விடியற வரைக்கும் காத்திருக்காத. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, ஹால்ஸ் ரோடு. ராத்திரி முழுக்க அவசரப் பிரிவு இருக்கும், குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை டாக்டர்களும் அங்கேயே இருக்காங்க. அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கவலை வேண்டாம். வண்டி கிடைக்கலன்னா 108 கூப்பிடு.

பச்சை வாந்தின்னா குடல்ல எங்கயோ அடைப்புன்னு எடுத்துக்கிட்டுத்தான் பாக்கணும். நீ எழுதின நேரத்தைப் பாத்தா எனக்குக் குடல் செருகலா இருக்குமோன்னு பயமா இருக்கு. முழுக்கைச் சட்டையை அவசரமாக் கழட்டும்போது கை உள்பக்கமா மடங்கி உள்ளயே போயிடுமே, அது மாதிரி குடலோட ஒரு பகுதி பக்கத்துப் பகுதிக்குள்ள நுழைஞ்சுக்கும். பெரும்பாலும் சிறுகுடல் போய்ப் பெருங்குடல்ல சேர்ற இடத்துல. அஞ்சுலேர்ந்து ஒம்போது மாசத்துக்குள்ளதான் அதிகம் வரும், ஆம்பளப் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். சளி, பேதி வந்து போன பிறகு வர்றது உண்டு.

குடல் அலை அலையா அசையும். ஒவ்வொரு அலைக்கும் செருகின இடம் இழுபடும், அப்ப அழுவான். அலை ஓய்ஞ்சதும் அமைதியாயிடுவான். அந்த அமைதியில பாத்தா எந்த டாக்டருக்கும் நல்லாத் தூங்குற பிள்ளையாத்தான் தெரியும். அதனால நீ எழுதின பேப்பரையும் வாந்தி பட்ட துணியையும் மறக்காம எடுத்துட்டுப் போ. அங்க போனதும் முதல்ல சொல்ல வேண்டியது 'விட்டு விட்டு அழுறான், பச்சையா வாந்தி எடுத்தான்'. போற வழியில டயாப்பரையும் பாரு. சிவப்பா, ஜெல்லி மாதிரி ஏதாவது இருந்தா அதையும் சொல்லு. ஆனா அது தெரியணும்னு காத்திருக்காத, அது கடைசியில வர்ற அறிகுறி.

பால் குடுக்காத.


அம்மு_தண்டையார்பேட்டை | இரவு 10:22

அத்தை ஒத்துக்க மாட்டேங்கிறாங்க சிஸ்டர். 'ராத்திரி நேரத்துல கைப்பிள்ளையைத் தூக்கிட்டு எங்க போவ, சாயங்காலம்தானே டாக்டர் பாத்தாரு, கொடல் ஏறினதுக்கு டாக்டர் என்ன பண்ணுவாரு, ஆயா தட்டினா ஒரு நிமிஷத்துல சரியாயிடும்'னு சொல்றாங்க. அவங்க மூணு பிள்ளை பெத்தவங்க. வீட்டுக்காரர் போன் எடுக்கல, உள்ள போன் கொண்டு போகக் கூடாது. எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியல. திரும்பவும் அழ ஆரம்பிச்சுட்டான்.


எண்ணூர்_ஆயா | இரவு 10:26

நான் எண்ணூர்லேர்ந்து பேசுறேன். நான் சொல்லச் சொல்ல எம் பேத்தி டைப் பண்றா. அம்மு, இந்த போனை உன் மாமியார் கைல குடு. அவங்க படிக்கட்டும்.

சம்பந்தி, உங்களுக்கு இன்னா வயசுன்னு தெரியாது, எனக்கு எயுபத்தி ஒண்ணு. எம்ஜியார் ஆட்சி நேரம். என் தங்கச்சிக்கு ஆம்பளக் கொயந்த, எட்டு மாசம். சிரிச்சிக்கினே இருப்பான். ஒரு நாள் திடீர்னு அயுவ ஆரம்பிச்சான். இப்ப நீங்க சொல்றீங்களே, அதே மாதிரி. அயுவான், அடங்குவான், தொவண்டு பூடுவான். கொடல் ஏறிக்கிச்சுன்னு நாந்தான் சொன்னேன். நாந்தான் தூக்கினு போய்த் தட்டினேன். தட்டினதும் தூங்கினான். பாத்தியா சரியாப் பூச்சுன்னு சொன்னதும் நாந்தான். மறுநாள் திரும்ப அயுதான், திரும்பத் தட்டினோம். மூணாம் நாள் ரத்தமாப் போச்சு. அப்புறந்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா பொயச்சிருப்பான்னு டாக்டரு சொன்னாரு.

என் தங்கச்சி அதுக்கப்புறம் என்னை ஒரு வார்த்த கேக்கல. அதான் எனக்கு இன்னும் ஆறல. அவளும் போய்ச் சேந்துட்டா.

கொடல்ல தான் கோளாறுன்னு நீங்க சொன்னது தப்பில்ல சம்பந்தி. உங்க கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. ஆனா அத எடுத்து உடுறது நம்ம கைல இல்ல. கொயந்தையத் தூக்கினு அவளோட நீங்களும் போங்க. நீங்க கூடப் போனாத்தான் அவளுக்குத் தெம்பு.


வியாசர்பாடி_ஆட்டோ_ரவி | இரவு 10:29

தங்கச்சி, எந்தத் தெருன்னு இங்க போடாத. டி.எச். ரோட்டுக்கு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. இந்நேரம் ரோடு காலியாத்தான் இருக்கும். மின்ட் வழியா வால்டாக்ஸ் ரோடு பிடிச்சு சென்ட்ரல் தாண்டினா எழும்பூர், இருபது இருபத்தஞ்சு நிமிஷம். ஆட்டோ இல்லன்னா நான் வரேன், காசு வேணாம். முன்னாடி நான் எழுதினதை மனசுல வச்சுக்காத.


அம்மு_தண்டையார்பேட்டை | இரவு 10:35

அத்தை போனை வாங்கி ரெண்டு தடவை படிச்சாங்க. ஒண்ணும் பேசல. உள்ள போய்த் துண்டு, துணி எல்லாம் பையில போட்டு எடுத்துட்டு, செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க. கீழ்வீட்டு அண்ணன் கார் எடுக்கிறாரு. ரவி அண்ணா, ரொம்ப நன்றி. கிளம்பிட்டோம்.


பெரம்பூர்_சுபா | இரவு 11:48

யாருக்காவது தகவல் தெரியுமா?


கடலோர_மீனா | வெள்ளி அதிகாலை 1:20

தூக்கம் வரல. நான் முதல்ல பல்லு, கண்ணுன்னு எழுதினது உறுத்துது. கும்புடுற தெய்வம் எல்லாத்தையும் வேண்டிட்டு உக்காந்திருக்கேன்.


ராயபுரம்_சிஸ்டர் | அதிகாலை 1:32

மீனா, நீங்க ஆறுதல்தானே சொன்னீங்க. படுங்க. அவ போன் பாக்குற நிலைமையில இருக்க மாட்டா.

இதைப் படிக்கிற மத்த தாய்மாருக்கு ஒண்ணு சொல்லிடறேன், மறந்துடப் போறேன். பிள்ளை அழுதாலே ஜுர மருந்து ஊத்துற பழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு. பாரசிட்டமால் சொட்டு மருந்துல ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்புல அஞ்சு மில்லிக்கு 125ன்னு ஒண்ணு இருக்கு, 250ன்னு ஒண்ணு இருக்கு. 125 சிரப்போட அளவுல சொட்டு மருந்தை ஊத்தினா நாலு மடங்கு உள்ள போகும், கல்லீரல் தாங்காது. எடையைச் சொல்லி, டாக்டர் எழுதின பாட்டிலுக்கு உள்ள அளவை மட்டும் குடுங்க. மூணு மாசத்துக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு 100.4 டிகிரி தொட்டாலே மருந்து ஊத்திட்டு வீட்ல இருக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான்.


அம்மு_தண்டையார்பேட்டை | அதிகாலை 5:07

நல்லா இருக்கான். முதல்ல அதைச் சொல்லிடறேன். ஆபரேஷன் தேவைப்படல.

பதினொண்ணரைக்குள்ள போயிட்டோம். போனதும் சிஸ்டர் சொன்ன மாதிரியே சொன்னேன், பேப்பரை நீட்டினேன். அந்த டாக்டரம்மா பேப்பரைப் படிச்சுட்டு உடனே இன்னொருத்தரைக் கூப்பிட்டாங்க. அவர் வயித்தை மெதுவா அமுக்கிப் பாத்துட்டு, என் கையைப் பிடிச்சு வலது பக்கம் விலாவுக்குக் கீழ வச்சாரு. சின்ன வாழைக்காய் மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. சாயங்காலத்துலேர்ந்து அதே வயித்துலதான் நான் ஒத்தடம் குடுத்துக்கிட்டிருந்தேன். டயாப்பரை மாத்தினப்போ பீட்ரூட் தண்ணி கலந்த மாதிரி கொழகொழன்னு கொஞ்சம் இருந்துச்சு. அத்தை அதைப் பாத்ததும் சுவரைப் பிடிச்சுட்டு உக்காந்துட்டாங்க.

கையில ஊசி போட்டு குளுக்கோஸ் ஏத்தினாங்க. ஸ்கேன் பண்ணினாங்க. திரையைக் காட்டினாரு, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினா வட்டம் வட்டமா இருக்குமே, அப்படி இருந்துச்சு. குடலுக்குள்ள குடல்னு சொன்னாரு. ஆசன வாய் வழியா ஒரு குழாய் வச்சு, உப்புத் தண்ணியை மெதுவா உள்ள விட்டு, அந்த அழுத்தத்துல செருகின குடலைப் பின்னாடி தள்ளுவோம், ஸ்கேன்ல பாத்துக்கிட்டேதான் பண்ணுவோம், பெரும்பாலும் இதுலயே சரியாயிடும், ஆகலன்னாலோ குடல்ல ஓட்டை விழுந்தாலோ உடனே ஆபரேஷன், அதுக்கும் ஆள் தயாரா இருக்கோம்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினாங்க. கையெழுத்து போடும்போது என் பேரே எனக்கு ஞாபகம் வரல.

முதல் தடவை பாதி தூரம்தான் போச்சு. ரெண்டாவது தடவை அந்த வளையம் நகர்ந்து நகர்ந்து போய் ஒரேயடியாக் காணாமப் போச்சு. 'விட்டுடுச்சு'ன்னு டாக்டர் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைதான். என் பையன் முகத்துல அதுவரைக்கும் இருந்த இறுக்கம் அப்படியே இறங்கிச்சு. நாலு மணிக்குத்தான் நிஜமாவே தூங்கினான்.

வீட்டுக்காரர் ஆறு மணிக்கு மேல நேரா இங்க வருவாரு. ஆயா, அத்தை உங்க நம்பர் வேணும்னு கேக்குறாங்க. தனியா அனுப்புங்க.


எண்ணூர்_ஆயா | காலை 6:15

ராத்திரி பூரா முயிச்சினு இருந்தேன். இப்பதான் பேத்தி படிச்சிக் காட்னா. நல்லா இருக்கட்டும், நூறு வயசுக்கு இருக்கட்டும். எனக்குப் பேச வரல.


விம்கோநகர்_அப்பா | காலை 7:40

ரொம்ப சந்தோஷம் அம்மு சிஸ்டர். நீங்க கடிகாரம் பாத்து எழுதின பேப்பர் இவ்வளவு பெரிய வேலை பண்ணியிருக்கு. ஆறரை மணிக்குக் கிளினிக்ல தூங்கின பிள்ளையைத்தான் அவங்க பாத்தாங்க, அழுகையை நீங்க மட்டும்தான் பாத்தீங்க.


கடலோர_மீனா | காலை 9:12

நிம்மதியா இருக்கு அம்மு. சிஸ்டர், எனக்கு நிஜமாவே ஒரு சந்தேகம், தப்பா நினைக்காதீங்க. எங்க காசிமேட்டுல குடல் தட்டி சரியான பிள்ளைங்களை நானே பாத்திருக்கேன். தட்டுற ஆயாக்களும் காசுக்காகப் பண்றவங்க இல்ல, வெத்தலை பாக்கு வச்சுக் குடுத்தாத்தான் வாங்கிப்பாங்க. அப்ப அது எப்படி சரியாச்சு?


ராயபுரம்_சிஸ்டர் | காலை 10:05

நல்ல கேள்வி மீனா. கொடல் ஏறிக்கிச்சுன்னு தூக்கிட்டுப் போற பிள்ளைங்கள்ல முக்காவாசிக்கு வெறும் அஜீரணமோ, ரெண்டு நாள் பேதியோதான் இருக்கும். தட்டினாலும் சரியாகும், தட்டலன்னாலும் சரியாகும். நிஜமாவே செருகின குடல்கூட சில பிள்ளைங்களுக்குத் தானா விடுபட்டுக்கும். ஆயா சொன்னாங்க பாருங்க, தட்டினதும் தூங்கினான்னு. அது வலி அலை ஓய்ஞ்ச நேரம். யார் தட்டினாலும், யாருமே தொடலன்னாலும் அந்த நிமிஷத்துல தூங்கியிருப்பான். அந்த ஆயாக்கள் பொய் சொல்றவங்க இல்ல. கண்ணால பாத்ததைத்தான் நம்புறாங்க.

ஆனா நிஜமா செருகிக்கிட்ட குடலுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சுக்கிட்டே வரும். வீங்கி, நைஞ்சு, ஈரக் காகிதம் மாதிரி ஆயிடும். அதைத் தலைகீழாப் பிடிச்சுத் தட்டினா, எண்ணெய் போட்டு நீவினா கிழிஞ்சுடலாம். நேரமும் போயிடும். தண்ணியாலயோ காத்தாலயோ தள்ளி சரி பண்றதுக்கு முதல் ஒரு நாள்தான் நல்ல நேரம். தாமதமாக ஆகக் குடலை வெட்டி எடுக்க வேண்டி வரும். எது வெறும் அஜீரணம், எது செருகல்னு தொட்டுப் பாத்துப் பிரிக்கிறதுக்கு எனக்கே இருபத்திரெண்டு வருஷத்துக்கு அப்புறமும் தைரியம் கிடையாது. ஸ்கேன்தான் சொல்லணும்.

அம்மு, ஆப்பிள் காரணமான்னு கேட்டிருந்தியே. இல்லம்மா. சளிக் கிருமி வந்து போனதுல குடல் சுவர்ல இருக்கிற நெறி மாதிரி திசுக்கள் வீங்கிக்கும். அலை அசையும்போது அந்த வீக்கம் முன்னாடி இழுபட்டுப் போய், பின்னாடியே குடலையும் இழுத்துட்டுப் போகும். பல பிள்ளைங்களுக்கு அந்தக் காரணம்கூடத் தெரியாது. நீ எதுவும் தப்பாக் குடுக்கல.

வீட்டுக்கு அனுப்பினதும் கவனமா இரு. இப்படி சரி பண்ணின நூறு பேர்ல பத்து பேருக்குத் திரும்ப வரலாம், அதுவும் முதல் ரெண்டு மூணு நாள்ல வர வாய்ப்பு அதிகம். அதே மாதிரி விட்டு விட்டு அழுகையோ, வாந்தியோ இருந்தா யோசிக்காம அதே ஆஸ்பத்திரி.


பெரம்பூர்_சுபா | காலை 11:30

எங்க மாமியாருக்குக் கொடல் ஏறுறது பத்தி வாசிச்சுக் காட்டினேன். 'நாங்க சொன்ன பேரு சரி, பண்ணின வைத்தியம்தான் தப்பு'ன்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் அமைதியா இருந்தாங்க. எங்க வீட்லயும் அவங்களுக்கு ஒரு பிள்ளை எட்டு மாசத்துல போயிருக்கு. என்ன நோய்னு யாருக்கும் தெரியாதுன்னுதான் இத்தனை வருஷமா சொல்லுவாங்க.


அம்மு_தண்டையார்பேட்டை | திங்கள் மாலை 4:20

ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வந்துட்டோம். ரெண்டு நாள் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டாங்க. முதல்ல தாய்ப்பால், அப்புறம் மெதுவா மத்தது குடுக்கலாம்னாங்க. இன்னைக்கு மதியம் பாதி இட்லியைப் பால்ல கரைச்சுக் குடுத்தேன், துப்பாம சாப்பிட்டான். மலம் நல்லபடியாப் போறான். ராத்திரி லேசா சிணுங்கினாக்கூட நானும் அவரும் எழுந்து உக்காந்து கடிகாரத்தைப் பாக்குறோம். இந்தப் பயம் எப்பப் போகும்னு தெரியல. காலைல கிண்ணத்தை எடுத்துத் தரையில தட்டினான். அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு நான் அடுப்படியிலயே நின்னு அழுதுட்டேன்.

சிஸ்டர், அத்தை உங்களை ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அன்னைக்குக் கழட்டின வசம்பு வளையலைத் திரும்பப் போடலாமா? அவங்க அம்மா கோத்துக் குடுத்தது. நான் வேண்டாம்னு சொன்னா வருத்தப்படுவாங்கன்னு தோணுது, ஆனா நீங்க சொன்னா கேப்பாங்க.


ராயபுரம்_சிஸ்டர் | திங்கள் மாலை 5:02

இட்லி சாப்பிட்டான்னு படிச்சதே போதும்மா.

கையில போட வேண்டாம்னு சொல்லு. எல்லாத்தையும் வாயில வைக்கிற வயசு. நூல் அறுந்து ஒரு துண்டு வாய்க்குள்ள போனா தொண்டையில மாட்டிக்கும். நூல் பிரிஞ்சாலும் விரல்ல சுத்திக்கும், விம்கோ நகர் தம்பி கதை தெரியுமே. அவங்க அம்மா கோத்ததுன்னா பத்திரமா வச்சுக்கட்டும். பிள்ளைக்கு எட்டாத உயரத்துல எங்க வேணும்னாலும் மாட்டலாம்.


அம்மு_தண்டையார்பேட்டை | திங்கள் மாலை 5:40

சொன்னேன். மறுபேச்சு பேசல. சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில மாட்டிட்டு வந்துட்டாங்க. இப்ப ஆயா கூடப் போன்ல பேசிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை எண்ணூருக்கு இவனைத் தூக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வரப் போறாங்களாம்.